குறைந்த பணத்தில் நூலகத்துக்கு எந்தக் கருவி?



நூலகம் என்றதும் அலமாரியும் அமைதியும் நினைவுக்கு வரும். இன்றைய அரங்கத்தின் பேச்சு, அந்த அலமாரிக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்திருக்கும் சிறு பொருள் ஒன்றைப் பற்றியது. மாணவர்களுக்கு இரவல் கொடுப்பதற்காகக் கல்லூரி நூலகங்கள் தட்டைக் கணினிகளையும் மின்னூல் வாசிப்புக் கருவிகளையும் வாங்கி வைக்கின்றன. அவற்றை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதுவும், கையில் இருக்கும் பணம் குறைவு என்றால் என்ன செய்வது?

"இது நூலகரின் கவலை, எங்களுக்கு என்ன?" என்று எண்ணிவிடாதீர்கள். கல்லூரியில் படிக்கும் உங்கள் பிள்ளை அந்தக் கருவியை நம்பி இருக்கலாம். பழைய மாணவர் சங்கங்களும் கோயில் கல்வி நிதிகளும் இன்று புத்தகத்துக்குப் பதிலாகக் கருவி வாங்கித் தர முன்வருகின்றன. நல்ல மனத்தோடு கொடுத்த பணம் இரண்டே ஆண்டில் மேசை இழுப்பறைக்குள் முடங்கிப் போகலாமா? போகக்கூடாது. அதற்கு வாங்கும் முன்பே சில கேள்விகளைக் கேட்டாக வேண்டும்.

ஒரு கணக்குக்காக, ஒரு கல்லூரி நூலகத்திடம் 20,000 வெள்ளி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டு முடிவதற்குள் செலவழித்தாக வேண்டும். விற்பனையாளர் ஒருவர் வந்து, "ஆறு அங்குல மின்னூல் கருவி ஒன்று 500 வெள்ளி, 40 கருவிகள் கிடைக்கும்" என்கிறார். இன்னொருவர், "பத்து அங்குலத் தட்டைக் கணினி 1,000 வெள்ளி, 20 கிடைக்கும்" என்கிறார். மூன்றாமவர், "பெயர் பெற்ற நிறுவனத்தின் தயாரிப்பு 2,000 வெள்ளி, 10 கிடைக்கும்" என்கிறார். கூட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு 40 என்ற எண் இனிக்கும். திறப்பு விழாப் படத்தில் 40 கருவிகளை அடுக்கி வைத்தால் பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

ஆனால் முதல் கேள்வி "எத்தனை கிடைக்கும்?" என்பதன்று. "இதை வைத்துப் படிக்கப் போகிறவர் யார்? அவர் படிக்க வேண்டியது எது?" என்பதுதான் முதல் கேள்வி. இதைக் கேட்காமல் வாங்கியவர்கள் பட்ட பாடு ஏடுகளில் பதிவாகி இருக்கிறது.

அமெரிக்காவில் நடந்த சோதனை

2009ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் கிண்டில் டிஎக்ஸ் என்ற கருவியை வெளியிட்டது. திரை 9.7 அங்குலம், விலை 489 அமெரிக்க டாலர். பாடநூல் சுமையைக் குறைக்க வந்த கருவி என்று பெரிதாகப் பேசப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம், அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகம், பேஸ் பல்கலைக்கழகம், ரீட் கல்லூரி, வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டார்டன் வணிகப் பள்ளி ஆகியவை அதை மாணவர்களிடம் கொடுத்துச் சோதித்துப் பார்த்தன.

விளைவு என்ன? பிரின்ஸ்டனில் அந்தப் பாடங்களுக்காக மாணவர்கள் அச்சிட்ட தாளின் அளவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. அது நல்ல செய்தி. ஆனால், பக்க ஓரத்தில் குறிப்பு எழுதுவது கடினம், பக்க எண் இல்லை, முன்னும் பின்னும் புரட்டித் தேடுவதற்குள் வகுப்பு அடுத்த பகுதிக்குப் போய்விடுகிறது என்றும் மாணவர்கள் குறைப்பட்டார்கள். டார்டன் பள்ளியில் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. வகுப்புப் படிப்புக்கு இதைப் பரிந்துரைப்பீர்களா என்றதற்குப் பெரும்பாலோர் இல்லை என்றார்கள். சொந்த வாசிப்புக்குப் பரிந்துரைப்பீர்களா என்றதற்கு ஏறக்குறைய எல்லாருமே ஆம் என்றார்கள்.

ஒரே கருவி, ஒரே மாணவர்கள். ஆனால் விடை மட்டும் இரண்டு. நாவல் படிப்பவர் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நேராகப் போகிறார். தேர்வுக்குப் படிப்பவர் 12ஆம் பக்கத்தையும் 90ஆம் பக்கத்தையும் ஒப்பிடுகிறார், கோடு போடுகிறார், மேற்கோளுக்குப் பக்க எண் தேடுகிறார். இரண்டும் வாசிப்புத்தான், ஆனால் இரண்டு வேலைகள். கல்லூரி நூலகத்துக்கு வருகிறவர் பெரும்பாலும் இரண்டாவது வேலைக்காகத்தான் வருகிறார்.

கண் தெரியாத மாணவர் எங்கே போவார்?

அந்தச் சோதனையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது பணத்தைவிடப் பெரிது.

கிண்டில் டிஎக்ஸ் கருவிக்கு நூலை உரக்க வாசித்துக் காட்டும் ஆற்றல் இருந்தது. கண் பார்வை இல்லாதவர்களுக்கு எவ்வளவு பெரிய வாய்ப்பு என்று தோன்றும். ஆனால் அந்த வாசிப்பைத் தொடங்கி வைப்பதற்கும், நூலைத் தேர்ந்தெடுப்பதற்கும் திரையில் இருக்கும் பட்டியலைக் கண்ணால் பார்த்தாக வேண்டும். வீட்டுக்குள் விருந்து இருக்கிறது, வாசல் கதவு பூட்டியிருக்கிறது என்ற நிலை.

2009 ஜூன் மாதத்தில் அமெரிக்கப் பார்வையற்றோர் அமைப்புகள் இரண்டு, ஒரு மாணவருடன் சேர்ந்து, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தன. 2010 ஜனவரியில் அது சமரசமாக முடிந்தது. அதே மாதம் ரீட் கல்லூரியும், கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ், பேஸ் பல்கலைக்கழகங்களும் அமெரிக்க நீதித் துறையுடன் உடன்பாடு செய்துகொண்டன. பார்வையற்ற மாணவர் முழுமையாகப் பயன்படுத்த முடியாத மின்னூல் கருவியை வாங்குவதில்லை, கட்டாயமாக்குவதில்லை, பரிந்துரைப்பதும் இல்லை என்பது உடன்பாடு. 2012ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் சாக்ரமெண்டோ பொது நூலகமும் இதே காரணத்துக்காக நீதித் துறையுடன் உடன்பாடு செய்து, பார்வையற்றோருக்கு ஏற்ற கருவிகள் குறைந்தது 18 வாங்குவதாக ஒப்புக்கொண்டது.

நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பினால் போதாது என்பதற்கும் கிண்டிலே சான்று. 2010இல் வந்த கிண்டிலில் பட்டியலையும் குரலில் சொல்லும் வசதி சேர்க்கப்பட்டது. 2012இல் வந்த பேப்பர்வைட் என்ற வகையில் குரலே இல்லாமல் போனது. 2016இல் வசதி மீண்டும் வந்தது. ஒரே பெயர், ஆனால் ஆண்டுக்கு ஆண்டு வேறு பொருள். எனவே வாங்கும் அந்தக் குறிப்பிட்ட வகையை மேசைமேல் வைத்து, ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு, நூலைத் திறந்து வாசிக்கச் செய்ய முடிகிறதா என்று பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலைதான். பார்வையற்ற மாணவர் ஒருவரையே அழைத்துச் சோதிக்கச் சொன்னால் இன்னும் நல்லது.

"எங்கள் கல்லூரியில் அப்படிப்பட்ட மாணவர் யாரும் இல்லையே" என்று சிலர் சொல்லக்கூடும். இந்த ஆண்டு இல்லை. அடுத்த ஆண்டு வரலாம். கருவியோ நான்கைந்து ஆண்டு இருக்க வேண்டிய பொருள். மலேசியாவில் 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம் கல்வியிலும் தகவல் தொழில்நுட்பத்திலும் அவர்களுக்கு இடம் இருக்க வேண்டும் என்கிறது. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களைப் படியெடுக்க வழிவிடும் மராக்கேஷ் ஒப்பந்தத்தில் சிங்கப்பூர் 2015இலும் மலேசியா 2022இலும் இணைந்திருக்கின்றன. சட்டம் வழிவிட்ட பிறகு, கருவி வழி மறிக்கலாமா?

தமிழ்ப் பக்கம் தெரிகிறதா?

இனி, தமிழ் படிக்கும் மாணவர்களின் நிலையைப் பாருங்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தொடங்கியது. ஆசிரியர் பயிற்சிக் கல்விக்கழகங்களிலும் தமிழ் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டிய நூல்கள் இன்று இணையத்தில் ஏராளம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், இலங்கைத் தமிழ் நூல்களைத் திரட்டும் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், தமிழ்நாட்டின் தமிழ் இணையக் கல்விக்கழகத்து மின்னூலகம், 2015இல் வெளியான சிங்கப்பூர்த் தமிழ் மின்மரபுடைமைத் திட்டம் என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பகுதிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. குறைந்த பணமுள்ள நூலகத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஆனால் ஒரு சிக்கல். பழைய நூல்களில் பல, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வைத்தவை. படத்தில் இருக்கும் எழுத்தைச் சொற்களைப்போல் பெரிதாக்கி வரி மடிக்க முடியாது. ஆய்வேடுகளும் ஆய்விதழ்க் கட்டுரைகளும் பெரும்பாலும் ஏ4 தாள் அளவில் வருகின்றன. ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர். ஆறு அங்குலக் கருவித் திரையின் அகலமோ சுமார் 9 சென்டிமீட்டர். தாளில் 12 புள்ளி அளவில் இருந்த எழுத்து திரையில் ஐந்து புள்ளியாகச் சுருங்கிவிடும். மருந்துப் புட்டியின் ஓரத்தில் அச்சடித்ததைப் படிப்பது போலத்தான். பத்து அங்குலத் திரையில் அதே எழுத்து எட்டுப் புள்ளி அளவில் நிற்கும். சிறிதுதான், ஆனாலும் படிக்கலாம். நாற்பது கருவி வாங்கினால் இனிக்கும் என்ற கணக்கு இங்கேதான் கசக்கத் தொடங்குகிறது.

எழுத்து வடிவத்தையும் பார்க்க வேண்டும். ஒருங்குறி வருவதற்கு முன் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் உரிய எழுத்துரு இல்லாத கருவியில் புரியாத குறிகளாகத் தெரியும். சில கருவிகளில் ஒற்றைக் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்கும். 'கொண்டு', 'சோறு', 'பௌர்ணமி' ஆகிய மூன்று சொற்கள் உள்ள ஒரு பக்கத்தை ஏற்றிப் பார்த்தாலே உண்மை தெரிந்துவிடும். கையடக்கக் கருவியில் தமிழை எழுதவும் படிக்கவும் வழிவகுத்தவர்களில் முன்னோடி, மலேசியரான முத்து நெடுமாறன். அவரது செல்லினம் 2005இலேயே கைப்பேசியில் தமிழைக் கொண்டுவந்தது. அப்படிப்பட்ட நாட்டில், தமிழ் சரியாகத் தெரியாத கருவியைத் தமிழ் மாணவர் கையில் கொடுப்பது பொருந்துமா?

படமாக இருக்கும் பக்கத்தைக் குரல் மென்பொருளால் வாசிக்க முடியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதை முதலில் எழுத்தாக மாற்ற வேண்டும். தமிழ்ப் பக்கங்களை எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள்கள் இன்று இருக்கின்றன. பிழை திருத்தத்தான் ஆள் வேண்டும். தமிழ் மாணவர் சங்கங்கள் தொண்டாக எடுத்துச் செய்யக்கூடிய வேலை இது.

வாங்கிய நூல் யாருடையது?

2009 ஜூலை மாதத்தில், ஜார்ஜ் ஆர்வெல்லின் இரண்டு நூல்களை அமேசான் வாடிக்கையாளர்களின் கருவிகளிலிருந்தே தொலைவிலிருந்து அழித்துவிட்டது. உரிமை இல்லாத ஒருவர் அவற்றை விற்றிருந்தார் என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத்தின் தலைவரே மன்னிப்பும் கேட்டார். ஆனால் மின்னூல் வாங்குவதென்பது நூலையே சொந்தமாக்கிக்கொள்வதன்று, படிக்கும் அனுமதியைப் பெறுவது என்று அன்றைக்கு உலகமே தெரிந்துகொண்டது.

நூலகத்துக்கு இது இன்னும் முக்கியம். தனி ஒருவருக்கு விற்கப்படும் மின்னூலின் அனுமதி, அவர் சொந்தமாகப் படிப்பதற்கு மட்டுமே. நூலகங்களுக்கென்று விற்கப்படும் மின்னூல்களைச் சில கருவிகள் ஏற்கும், சில ஏற்கமாட்டா. ஓவர்டிரைவ் நிறுவனத்தின் வழியாக நூலக மின்னூலைக் கிண்டிலில் இரவல் பெறும் வசதி 2011இல் அமெரிக்காவில் தொடங்கியது. மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ அது வரவில்லை. ஆகவே, கல்லூரி எந்த மின்னூல் தொகுப்புகளுக்குச் சந்தா கட்டுகிறதோ அந்தத் தொகுப்பு இந்தக் கருவியில் திறக்கிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது. சாதாரணத் தட்டைக் கணினி எல்லாத் தொகுப்புக்கும் பெரும்பாலும் இடம் கொடுக்கும்.

இணைப்பு இல்லாத இடத்திலும் படிக்க முடிகிறதா என்பது அடுத்த சோதனை. 2020 ஜூன் மாதத்தில், தேர்வெழுத இணையத் தொடர்பு கிடைக்காமல் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்ததை நாடே பார்த்தது. கல்லூரி வளாகத்தில் பதிவிறக்கம் செய்துகொண்டு, இணைப்பு இல்லாத கிராமத்திலும் தோட்டப்புறத்திலும் திறந்து படிக்க முடிகிற கருவிதான் அப்படிப்பட்ட மாணவருக்கு உதவும்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

விலைச்சீட்டில் எழுதியிருப்பது கருவியின் விலை மட்டுமே. உறை வேண்டும். மின்னேற்றி தொலையும், கம்பி அறும். மின்கலம் இரண்டு மூன்று ஆண்டில் தளரும். திரை உடையும். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் முன்பு பயன்படுத்தியவரின் மின்னஞ்சல், படம், கடவுச்சொல் ஆகியவற்றை அழித்துச் சுத்தம் செய்ய ஊழியரின் நேரம் வேண்டும்.

மென்பொருளுக்கும் ஆயுள் உண்டு. முதல் ஐபேட் 2010 ஏப்ரலில் விற்பனைக்கு வந்தது. 2012 செப்டம்பரில் வந்த புதிய இயங்குதளம் அதில் ஏறவில்லை. கருவி உடையவில்லை, தேயவில்லை; ஆனாலும் புதிய செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. மலிவாகக் கிடைக்கிறது என்று பழைய இருப்பை வாங்கினால் இதுதான் நடக்கும். எத்தனை ஆண்டுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு வரும் என்பதை விற்பனையாளரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆகவே அந்த 20,000 வெள்ளியில் 6,000 வெள்ளியை முதலிலேயே ஒதுக்கி வையுங்கள். உறை, பழுது, மின்கலம், சில மின்னூல் அனுமதிகள் எல்லாம் அதிலிருந்து வரட்டும். மீதி 14,000. முன்பு சொன்ன விலைப்படி, 1,000 வெள்ளியில் பத்து அங்குலத் தட்டைக் கணினிகள் 10 வாங்கலாம். நீண்ட நூல்களைக் கண் கூசாமல் படிக்க விரும்புவோருக்கு மின்னூல் கருவிகள் 4 போதும். 2,000 வெள்ளி ஆகும். எஞ்சிய 2,000 வெள்ளியில் குரல் வசதியும் உருப்பெருக்கும் வசதியும் சிறப்பாக உள்ள கருவி ஒன்று வாங்கலாம். அதற்காக மற்ற பத்துக்கும் குரல் வேண்டாம் என்று ஆகிவிடாது. சட்டமும் அறமும் எல்லாவற்றிலும் அதைக் கேட்கின்றன.

மொத்தம் 15 கருவிகள். நாற்பது எங்கே, பதினைந்து எங்கே என்று நிர்வாகக் குழுவில் ஒருவர் கேட்கத்தான் செய்வார். மூன்றாம் ஆண்டில் வேலை செய்துகொண்டிருக்கும் கருவி எத்தனை என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். 15 வாங்கியவரிடம் பழுது பார்க்கப் பணம் இருக்கும். 40 வாங்கியவரிடம் 40 வெற்றுப் பெட்டிகள் இருக்கக்கூடும்.

மொத்தமாக வாங்கும் முன் ஒவ்வொரு வகையிலும் ஒன்றை மட்டும் வாங்கி, நான்கு வாரம் மாணவர்களிடம் கொடுத்துப் பார்ப்பது இன்னும் பாதுகாப்பு. தமிழ் மாணவர் ஒருவர், கணக்குப் படிப்பவர் ஒருவர், பார்வைக் குறைபாடு உள்ளவர் ஒருவர், வீட்டில் இணையம் இல்லாதவர் ஒருவர் என்று நால்வர் போதும். அந்த நால்வரின் குறைகளை எழுதி வாங்கினால், விற்பனையாளரின் வண்ணத்தாள் சொல்லாத பல செய்திகள் வெளியே வரும்.

யாருக்கு, எத்தனை நாள்?

கடைசியாக ஒன்று. நல்ல கருவியை வாங்கிவிட்டு, "நூலகத்துக்குள் இரண்டு மணி நேரம் மட்டும்" என்று விதி போடுகிறவர்கள் உண்டு. தொலைந்துவிடுமோ என்ற பயம் புரிகிறது. ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு வருபவர் பெரும்பாலும் வீட்டில் கணினி உள்ளவராகத்தான் இருப்பார். எதுவும் இல்லாதவருக்கு வேண்டியது இரவு பதினொரு மணிக்கு, விடுதிக் கட்டிலில், கட்டுரையை எழுதி முடிக்க ஒரு திரை. கைப்பேசியில் செய்தி படிக்கலாம். ஆனால் 200 பக்க நூலைப் படித்து, 3,000 சொல்லில் கட்டுரை எழுத அது போதாது.

அதனால் 15 கருவிகளில் பாதியையாவது பருவம் முழுவதற்கும் இரவல் கொடுங்கள். வசதி குறைந்த மாணவருக்கு முதலிடம் கொடுங்கள். யார் வசதி குறைந்தவர் என்று மேசையில் வைத்து நால்வர் முன்னிலையில் கேட்காதீர்கள். விண்ணப்பத்தில் ஒரு வரி போதும். ஒன்றிரண்டு கருவி திரும்பி வராமல் போகலாம். அச்சு நூல்களும் எல்லாம் திரும்பி வந்ததில்லை. அதற்காக எந்த நூலகமும் இரவல் கொடுப்பதை நிறுத்தியதில்லை.

நேயர்களே, உங்கள் ஊர்க் கல்லூரிக்கோ, பழைய மாணவர் சங்கத்துக்கோ அடுத்த முறை கருவி வாங்கும் பேச்சு வந்தால், விலைப்பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளை எடுக்கச் சொல்லுங்கள். அதில் மாணவர்களை எழுதட்டும்: கண் தெரியாதவர், தமிழ் ஆய்வேடு படிப்பவர், தோட்டத்திலிருந்து வருபவர், வீட்டில் கணினி இல்லாதவர். அந்தத் தாளைப் பார்த்த பிறகு விலைப்பட்டியலைத் திருப்பினால், எந்தக் கருவி, எத்தனை என்ற கேள்விக்கு விடை தானாக வரும்.